சர்க்கரைப் பிள்ளைக்குக் கண் திறந்த நாள்

செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாரைக் கேட்டாலும் கேக் அங்கிள் வீடு எது என்று காட்டுவார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குமேல் படிக்க வைக்க ஆளில்லை, எனக்கும் பொறுமையில்லை. ஆனால் பிறந்தநாள், காதுகுத்து, நிச்சயதார்த்தம், அறுபதாம் கல்யாணம் என்று எந்த விசேஷத்துக்கு என் கேக் போனாலும் ஜனங்கள் முதலில் போனை எடுத்து அதைத்தான் படம் பிடிப்பார்கள். பிறகுதான் மாப்பிள்ளை பக்கம் திரும்புவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

இப்போது வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கப் பல பிள்ளைகள் தொடங்குகிறார்கள். என்னிடம் வந்து கிரீம் பிழிய எந்த நாசில் நல்லது, நம்ம ஊர் வெயிலுக்கு எந்த கிரீம் தாங்கும் என்று கேட்கிறார்கள். எல்லாம் சொல்லித்தான் தருகிறேன். யாரும் கேட்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

1. இந்தக் கை எங்கிருந்து வந்தது

நான் பேக்கரியில் வேலை பார்த்தவன் இல்லை. வீடு புதுப்பிக்கும் ரெனவேஷன் வேலை. அதிலும் என் வேலை சிலிக்கன் பசை அடிப்பது. குளியலறை மூலை, சமையலறை சிங்க் ஓரம், ஜன்னல் விளிம்பு, எல்லா இடத்திலும் தண்ணீர் இறங்காமல் சிலிக்கன் துப்பாக்கியால் ஒரே கோடாக அடைக்க வேண்டும். கோடு நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒழுகும். என் முதலாளி பின்னால் நின்றுகொண்டு, "கோடு போடும்போது மூச்சு விடாதடா. நீ மூச்சு விட்டா கோடும் மூச்சு விடும்" என்பார். இந்தத் தீவில் எத்தனையோ வீட்டுக் குளியலறைகளில் என் கோடு இன்னும் ஒழுகாமல் இருக்கிறது.

முட்டி தேய்ந்து, குனிந்து வேலை செய்ய முடியாமல் வீட்டில் உட்கார்ந்தேன். என் மனைவி ராஜி வீட்டு விசேஷங்களுக்குக் கேக் செய்கிறவள். ஒருநாள் பேத்தியின் பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து மேலும் கீழும் ஓடியது. "இங்க குடு" என்றேன்.

"இது டாய்லெட் இல்லங்க, கேக்கு."

"பசைதானே. குடு."

கிரீம் பிழியும் பைப்பிங் பேக்கைக் கையில் வாங்கி அழுத்தியபோதே தெரிந்துவிட்டது. அதே அழுத்தம், அதே சாய்வு. சிலிக்கன் இறுகிவிடும், பட்டர்கிரீம் உருகிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். பெயரை ஒரே மூச்சில் எழுதி, கேக்கைச் சுற்றி ஒரு கோடும் இழுத்தேன். அன்றிலிருந்து கேக்குக்கு உள்ளே ராஜி, வெளியே நான்.

"உள்ள நல்லா இல்லன்னா எவன் ரெண்டாவது துண்டு கேப்பான்?" என்று அவள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மைதான். அவளிடம் நான் ஒத்துக்கொண்டதில்லை.

2. ஷாமினி கேட்டது

ஷாமினி சாங்கி விமான நிலையத்துக் கார்கோ ஆபீசில் வேலை செய்யும் பெண். வீடு தெம்பனிஸ். வயிற்றில் பிள்ளையோடு தனியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வளைகாப்புக்குக் கேக் வேண்டும் என்றாள்.

"எங்கம்மா இல்ல அங்கிள். மாமியார்தான் எல்லாம் செய்றாங்க. புடவை, வளையல், அஞ்சு வகை சாதம், எல்லாமே அவங்க செலக்‌ஷன். நல்லாத்தான் செய்றாங்க. ஆனா என்னோடதுன்னு ஒண்ணாவது இருக்கணும் லா."

போனில் ஒரு படம் காட்டினாள். இரண்டு அடுக்குக் கேக். மேலே போர்வையில் ஒரு குழந்தை தூங்குகிறது.

"இந்த மாதிரி ஒரு பேபி. தூங்கற மாதிரியே வேணும்."

ராஜி கேட்டாள், "மாமியார்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"இல்ல ஆன்ட்டி, சர்ப்ரைஸ்."

ராஜி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தைக்கு இமைமுடி எப்படி வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃபாண்டன்ட் என்பது பிசைந்த சர்க்கரை மாவு. களிமண் மாதிரி எந்த உருவமும் பிடிக்கலாம். அதில் பிள்ளையைச் செய்தேன். கால் மடித்து, ஒரு கை கன்னத்தடியில், விரல் விரலாக. மூடிய கண், அதில் ஒவ்வொரு இமைமுடியாகக் கோடு. விருந்தாளிகளுக்குக் கொடுக்க வளையல் மாதிரி வட்டக் குக்கீஸ். அதற்காக சிராங்கூன் ரோட்டுக்குப் போய் வளையல் கடையில் நின்று கண்ணாடி வளையல்களைப் பார்த்து, அதே பச்சை, அதே சிவப்பில் ஐசிங் கலந்து, மேலே பொன் புள்ளி வைத்தேன். கடைக்காரர் குக்கீயைக் கையில் வாங்கி, வளையல் என்று நினைத்து விரலால் தட்டிப் பார்த்தார். அப்படி இருந்தது.

ராஜி மட்டும் பிள்ளையை ரொம்ப நேரம் பார்த்தாள். "அழகா இருக்கு. அதான் கொஞ்சம் பயமா இருக்கு" என்றாள். எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

3. மண்டபத்தில்

தெம்பனிஸில் அவர்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம். கேக்கை நானும் ராஜியும் டாக்சியில் கொண்டுபோய் மேடை ஓரத்து மேசையில் வைத்தோம். வெள்ளைத் துணி, சுற்றிலும் வளையல் குக்கீஸ், உச்சியில் தூங்கும் பிள்ளை. ஷாமினி வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் புருஷன் பிரகாஷ் படம் எடுத்தான்.

அப்போதுதான் மாமியார் பாக்கியம் அம்மா குங்குமத் தட்டோடு வந்தார். கேக்கைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"யாரு செய்யச் சொன்னது?"

"நான்தான் அத்தை" என்றாள் ஷாமினி.

"பொறக்கறதுக்கு முன்னாடியே பிள்ளைய செஞ்சு வச்சிருக்கீங்க. கண்ண மூடிக் கெடக்குது. இதுல கத்தி வேற வைக்கப் போறீங்களா?"

ஷாமினியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போனது. வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

பிரகாஷ், "சரிம்மா, எடுத்துடலாம். அங்கிள், அத எடுத்துடுங்க" என்றான்.

"எடுக்காத" என்றார் பாக்கியம் அம்மா. "வளைகாப்பு அன்னிக்குப் பிள்ளைய எடுக்கறதா?"

நான், "ஒரு துணி போட்டு மூடிடலாமா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் கேட்டது எனக்கே புரிந்தது. கண் மூடிய பிள்ளைமேல் துணி.

என்னை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அண்ணே, உங்கள சொல்லிக் குத்தமில்ல. இது ரெண்டாவது. மொத பிள்ளைக்கு நான்தான் ஆசைப்பட்டுக் கட்டில், துணி எல்லாம் முன்னாடியே வாங்கி அடுக்கினேன். வேணாம்னு சொன்னாங்க, கேக்கல. பிள்ள கண்ணத் தொறக்காமயே போயிடுச்சு. இவ என்னைக் குத்தம் சொல்லி ஒரு வார்த்த பேசல. ஆனா நான் எதையும் மறக்கல."

இப்போது நிலவரத்தைப் பாருங்கள். பொம்மையை எடுக்கக்கூடாது. மூடக்கூடாது. அப்படியே விடவும் கூடாது. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தாயில்லாத ஒரு பெண், தன்னுடையது என்று கேட்ட ஒரே பொருள் அபசகுனமாகிவிட்டது என்று நினைத்து நிற்கிறாள். நாளைக்கு அவள் வயிற்றில் சின்னதாக ஒரு வலி வந்தாலும் இந்தக் கேக்தான் ஞாபகத்துக்கு வரும். மாமியாருக்கும் அதுதான்.

தப்பு என்னுடையது என்று நான் சொல்லமாட்டேன். கேட்டதைச் செய்தேன். ஆனால் என் கையால் வந்ததை என் கைதான் சரி பண்ண வேண்டும்.

எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு டப்பா கொண்டுபோவேன். ஸ்பாட்டுலா, பிரஷ், ஜெல் கலர், எலுமிச்சை எசன்ஸ், கொஞ்சம் ஃபாண்டன்ட். நீங்களும் கொண்டுபோங்கள். கேக்கைக் கொடுத்ததும் வேலை முடியவில்லை, வெட்டிய பிறகுதான் முடிகிறது.

டப்பாவைத் திறந்து பிள்ளையைப் பார்த்தேன். கால் மடித்துப் படுத்திருக்கிறது. கீழே போர்வை, அதன் ஒரு முனை கூர்மையாக மடிந்திருக்கிறது. இலை மாதிரி. ஆலிலை மாதிரி.

"அம்மா, இது உங்க வீட்டுப் பிள்ள இல்ல. ஆலிலைக் கண்ணன். இன்னும் கலர் அடிக்கல, அவ்வளவுதான்" என்றேன்.

நான் எலுமிச்சை எசன்ஸில் நீலத்தைக் கரைத்தேன். எசன்ஸ் சீக்கிரம் ஆவியாகிவிடும், கலர் பிசுபிசுப்பில்லாமல் காயும். பொம்மையின் உடம்பில் பூசப் போனேன்.

"மொதல்ல கண்ணு" என்றார் அவர்.

ஃபாண்டன்டில் கோடு போட்டுச் செதுக்கிய இமையை அழிப்பது லேசில்லை. ஈரப் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் வெள்ளை வைத்து, நடுவில் கறுப்பு வைக்க வேண்டும். கறுப்பு ஒரு மயிரிழை நகர்ந்தால் மாறுகண். அழிக்கவும் முடியாது. மூச்சை நிறுத்தினேன். பாக்கியம் அம்மாவும் நிறுத்தினார் என்று ராஜி பிறகு சொன்னாள். வலது கண். இடது கண். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் சொல்லிவிடுவேன்.

"பாக்குது" என்றார் அந்த அம்மா.

மற்றதெல்லாம் எனக்குச் சாதாரணம். உடம்புக்கு நீலம், போர்வைக்குப் பச்சை, அதில் இலை நரம்பு, தலையில் ஃபாண்டன்டைக் கிள்ளிச் செய்த மயிற்பீலி. ராஜி ஒரு வளையல் குக்கீயை எடுத்துத் தலைக்குப் பின்னால் நிறுத்தினாள். திருவாசி வந்துவிட்டது. இப்போது கோயில் கண்ணன்.

"சாமிய வெட்டக்கூடாது. நீங்களே எடுத்து உங்க மருமக மடியில வைங்க" என்றேன்.

பொம்மைகளை எப்போதும் ஒரு சின்ன அட்டைமேல் வைத்துத்தான் கேக்கில் ஏற்றுவேன். அதனால் இலையோடு அலுங்காமல் வந்தது. பாக்கியம் அம்மா இரண்டு கையாலும் எடுத்து ஷாமினியின் மடியில் வைத்தார். "உங்கம்மா இருந்தா அவங்க வச்சிருப்பாங்க. நான் வைக்கிறேன்" என்றார். ஷாமினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரகாஷ் படம் எடுக்க மறந்துவிட்டான்.

கத்தி? அதற்கும் ராஜி வழி சொன்னாள். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக் கேக்கில் அழுத்தினால் வட்டமாகத் துண்டு வரும். முதல் துண்டை மாமியாரே அழுத்தி எடுத்து மருமகளுக்கு ஊட்டினார். அன்று அந்த மண்டபத்தில் கேக்கின் பக்கத்தில் கத்தியே வரவில்லை. பல பேர் இரண்டாவது துண்டு கேட்டார்கள். ராஜி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

4. நான் இப்போது கேட்பது

டாக்சியில் திரும்பும்போது ராஜி சொன்னாள், "கை இருக்கு உங்களுக்கு. காதையும் கொஞ்சம் வச்சுக்குங்க."

அதற்குப் பிறகு யார் ஆர்டர் சொன்னாலும் என்ன கலர், என்ன சுவை என்று கேட்பதற்கு முன்பு ஒன்று கேட்கிறேன். இந்தக் கேக்கில் எது இருக்கக்கூடாது? ஆர்டர் சொல்கிறவர் ஒருவர். கேக்குக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள் வேறு பலர். அவர்களில் யாருக்கு எதைப் பார்த்தால் மனது கலங்கும் என்று தெரியாமல் நாசிலைத் தொடாதீர்கள். அழகாகச் செய்வது இரண்டாவது வேலை. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பதால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

ஷாமினிக்குப் பெண் குழந்தை. அதன் முதல் பிறந்தநாளுக்குப் பாக்கியம் அம்மாவே பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சர்க்கரைக் கண்ணன் கண்ணாடிப் பெட்டிக்குள் சாமி அலமாரியில் இருக்கிறானாம். "இன்னும் ஒரு எறும்பு கிட்ட வரல அண்ணே" என்றார்.

உட்கார வைத்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "கேக்குல எது இருக்கக்கூடாது?"

பேத்தியை இடுப்பிலிருந்து மடிக்கு மாற்றினார். "எது வேணும்னாலும் இருக்கட்டும். மேல இவளையே செஞ்சு வைங்க. கண்ணு மட்டும் நல்லா தொறந்திருக்கணும்."

செய்தேன். ராஜி பார்த்துவிட்டு, கண் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது என்றாள்.

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.