மாட்டுக்கு ஒரு நியாயம், அம்மாவுக்கு ஒரு நியாயம்

மூடியைத் திறந்ததும் அந்தக் கேனிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து, சாணி வாடையோடு தொழுவத்துத் தரையில் படர்ந்து என் காலில் ஜில்லென்று படும். "சினை ஊசி" போட வருகிறவர் அதற்குள்ளிருந்து இடுக்கியால் எடுக்கும் மெல்லிய குழாயில், நாங்கள் கண்ணால் பார்த்தேயிராத ஏதோ ஒரு காளையின் விந்து உறைந்திருக்கும். சோமனூரில் எங்கள் தறிக் குடோனுக்குப் பின்னால் நின்ற ஒற்றைப் பசுவுக்கு இப்படித்தான் சினை பிடித்தது. "பொட்டப்புள்ளைக்கு இங்கென்ன வேடிக்கை, ஊட்டுக்குள்ள போ" என்று அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, விரட்டுவார். நான் ஒருநாளும் போனதில்லை.

நான் பத்தாவது படித்த வருடம் அந்தப் பசு இரண்டாவது முறையாகக் காளைக்கன்று போட்டது. வீட்டில் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்கிற பெரியப்பா ஊசிக்காரரை வரவழைத்து, "எங்க மாட்டு மேல ஒரு கொறையும் இல்லீங்க, நீங்க கொண்டாந்து போடற ஊசிதானுங்க செரியில்ல" என்று ஒரு பிடி பிடித்தார். அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுவதென்று முடிவானது. பசுவுக்கு வழக்கம்போலப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கிடைத்தன.

அதே மாதம் கருமத்தம்பட்டியில், பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. எனக்கும் என் தங்கைக்கும் அடுத்து மூன்றாவதும் பெண். ஒரு மாதம் கழிந்தும் அம்மாவை அழைத்துவர யாரும் கிளம்பவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும், அப்பாவின் கூடப்பிறந்த அத்தையும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"அவ வவுத்துல பையன் தங்கமாட்டான்டா. அவ அங்கியே இருக்கட்டும். கணபதி ஊர்ல ஒரு புள்ளை இருக்குது, உனக்குக் கட்டிவெக்க நான் பேசிப்போட்டேன்" என்றார் பெரியப்பா. அத்தை தலையாட்டினார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை.

பத்தாவது அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பெண்ணின் அண்டம் உருண்டையானது, உடம்பிலேயே பெரிய செல், வால் கிடையாது, கருவுக்கான சத்தைச் சுமந்துகொண்டு மாதத்துக்கு ஒன்று வரும். விந்தணு அதைவிட மிகமிகப் பொடி, வாலை ஆட்டிக்கொண்டு கோடிக்கணக்கில் ஓடிவரும். அண்டம் அத்தனையிலும் இருப்பது எக்ஸ் குரோமோசோம்தான், விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய், அந்த ஒய் போய்ச் சேர்ந்தால்தான் பையன். "வேறுபடுத்துக" என்று பரீட்சையில் கேட்டால் மதிப்பெண் போடுவார்கள். எங்கள் வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"என்ன அம்மணி?"

"பசு காளைக்கன்னு போட்டப்ப மாட்ட வெச்சுக்கிட்டு ஊசிய மாத்துனீங்க. இப்ப ஊசிய வெச்சுக்கிட்டு மாட்ட மாத்தறீங்களே, அதெப்படீங்க?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டார். நான் அறிவியல் புத்தகத்தைப் பிரித்து அப்பாவின் மடியில் வைத்தேன். "படிச்சுப் பாருங்கப்பா. கோளாறுன்னு சொன்னா அது உங்க பக்கந்தானுங்க."

"புள்ளைய வளத்தியிருக்கற லட்சணத்தப் பாரு" என்று பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அப்பா அந்தப் பக்கத்தை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வாடகைக் கார் பிடிக்கப் போனார். பொழுது சாய்வதற்குள் அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள்.

இன்று அந்தப் பசுவும் இல்லை, தொழுவமும் இல்லை. பெரியப்பா வீட்டுப் போக்குவரத்து அன்றோடு நின்றது. இதில் எதற்காகவும் நான் ஏங்கவில்லை. பெரும்பாலும் பெண் கன்றான கிடாரியே பிறக்கும்படி விந்தணுக்களைப் பிரித்தெடுத்த ஊசி இப்போது கிடைக்கிறது, அவர்கள் வீட்டில் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்களாம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பெண் பிறந்ததை நானும் ஒரு குற்றமாக வைத்துக்கொண்டுதான், அதைச் செய்தது அப்பா என்று அன்று வாதாடியிருக்கிறேன். அண்டம்தான் முடிவு செய்கிறது என்று புத்தகத்தில் எழுதியிருந்தால் அம்மாவை விட்டுக்கொடுத்திருப்பேனா? "உங்கூட்டுல பையன் இல்லீங்களா?" என்று இப்போதும் கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். நான் எக்ஸையும் ஒய்யையும் விளக்குவதை விட்டுவிட்டேன். "நாங்க மூணு பேர் இருக்கறமுங்க, போதாதுங்களா?" என்று கேட்டுவிட்டு, பந்தியில் என் தங்கைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.