தமிழரசிக்கு ஆகாத மீன்

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்தவன் சிங்காரம். கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்த பிறகு அவனுக்கு ஒரு பெண் பிறந்தது. செங்கல்பட்டில் பிரசவம். வீட்டுக்கு அனுப்பும் முன்னால் நர்ஸ் வந்து குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் ரத்தத்தைப் பொட்டுப் பொட்டாக ஒற்றி எடுத்துக்கொண்டு போனாள். எல்லாப் பிள்ளைக்கும் எடுப்பதுதான் என்றாள். சிங்காரம் அதை அன்றே மறந்துபோனான்.

தமிழரசி என்று பேர் வைத்த வாரமே போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். டாக்டர் சுஜாதா பொறுமையாகத்தான் சொன்னார். புரதத்தில் இருக்கும் ஒரு சத்தை இந்தக் குழந்தையின் உடம்பால் கையாள முடியாது. அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். தாய்ப்பால்கூட அளவோடுதான். மீன், முட்டை, கறி, பருப்பு எப்போதுமே கூடாது. ஒரு மாவு தருவார்கள், அதைக் கரைத்துப் புகட்ட வேண்டும்.

"மருந்து குட்த்தா சரியாப் பூடாதா மேடம்?"

"இது தீராதுங்க. ஆனா ஆரம்பத்துலயே தெரிஞ்சிடுச்சு. சாப்பாட்ட ஒழுங்கா பாத்துக்கிட்டா மத்த பிள்ளைங்க மாதிரியே வளருவா."

"மீனு துன்னாம எப்டி மேடம்? நாங்க கடலுக்குப் போறவங்க."

டாக்டர் மாவு டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் மீன் குழம்பு நின்றது. சிங்காரம் படகடியிலேயே தின்றுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போவான். அவன் மனைவி பரிமளா சோற்றைத் தராசில் நிறுத்துப் போட்டாள். மாவின் நாற்றத்துக்குப் பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்ளும். ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் ஊட்டினார்கள். தன் வீட்டுக் கதவை அவனால் சாத்த முடிந்தது. குப்பம் முழுக்கக் கருவாடு காய்ந்தது. பிள்ளைக்கு மீன் கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னான். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

தமிழரசிக்கு நாலு வயது நடக்கும்போது, அண்ணன் வீட்டு வாசலில் அவளைப் பார்த்தான். அண்ணி கன்னியம்மா நெத்திலி வறுவலை முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணை மூடி மென்றது. அத்தனை சந்தோஷமாக அது சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினான். பிள்ளை வீறிட்டது.

"இன்னாத்துக்குத் தம்பி கொயந்தய அய வுட்ற? தெனிக்கும்தான் ரெண்டு குடுக்கறேன், இன்னா ஆய்ப்போச்சு? கடல்காரன் வூட்டுப் புள்ளைக்கு மீனு ஆவாதுன்னு யாரோ சொன்னத நம்பிக்கினு கீற!"

"தெனிக்குமா? எத்தினி நாளா அண்ணி?"

பொங்கலிலிருந்து, மூணு மாசமாக இருக்கும் என்றாள். சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்துப் பயந்தாள்.

ரத்தப் பரிசோதனையில் அந்தச் சத்தின் அளவு எகிறியிருந்தது.

"எவ்ளோ கெட்டிருக்கும் மேடம்?"

"அளந்து சொல்ல முடியாதுங்க. மறுபடி இறக்கிடலாம். பாதிப்பு ஏதாவது இருந்தா, வளர வளரத்தான் தெரியும்."

"நான் இன்னா செய்யணும்?"

"இதேதாங்க. சாப்பாடு."

திரும்பி வரும் பஸ்ஸில் பரிமளா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், "உங்க அண்ணிய ஒண்ணும் கேக்காத மாமா. அது ஆசையாதான் குட்த்துது" என்றாள். அவனுக்கும் அது தெரியும். கோபப்படவாவது ஒரு ஆள் இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அளவு மெல்ல இறங்கியது. இப்போதெல்லாம் படகு கரையேறியதும் தமிழரசி ஓடிவருவாள். மீனைத் தூக்கிக் காட்டுவான். சங்கரா, காரப்பொடி, வவ்வால் என்று தப்பாமல் சொல்வாள். விளையாட்டாக ஆரம்பித்தது, அவனால் நிறுத்த முடியவில்லை. போன வாரம் ஒரு கானாங்கத்தையைக் காட்டினான். முந்தின நாள்கூடச் சொன்ன பேர்தான். பிள்ளை அதையே பார்த்தது.

"இன்னா மீனு கண்ணு? சொல்லு."

அவள் மணலில் ஓடிய நண்டைத் துரத்திக்கொண்டு போய்விட்டாள். மறந்துவிட்டாளா, விளையாட்டுப் புத்தியா, இல்லை டாக்டர் சொன்ன பாதிப்புதானா? எந்தப் பிள்ளையும் அப்படித்தான் ஓடும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. இதை எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது? வலையில் பிரிக்க வேண்டிய மீன் இன்னும் கிடந்தது. உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தான்.