காத்திவாக்கத்தில் ஒரு காலி இடம்

எண்ணூர் போகும் வழியில், டீ குடிக்கக் காத்திவாக்கத்தில் இறங்குகிறேன். கழிமுகக் கரையில் ஷாமியானா போட்டு மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காற்றாலை அமைப்பது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டமாம். "ஒத்துழைப்பு நல்கிய மக்களுக்கு நன்றி" என்று பேனர் கட்டியிருக்கிறது. கருத்துக் கேட்பது இனிமேல்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதிகாரி திரையில் வரைபடத்தைக் காட்டுகிறார். "இந்தப் பச்சைப் பகுதி யாருமே பயன்படுத்தாத காலி இடம்."

என் பக்கத்தில் நிற்கும் மீன்காரம்மாவிடம், "அது எந்த இடம்மா?" என்று கேட்கிறேன்.

"இன்னா சார் இப்டி கேக்குற? அவுரு குந்திகினு கீறாரே, இதான். டெய்லி நாங்க வலை காயப்போடுற எடம். சேர் போடணும்னு காலைல அல்லாத்தையும் வாரி ஓரங்கட்டிட்டானுங்க."

"அதை அவரிடமே சொல்லுங்களேன்."

அந்தம்மா முன்னால் போய் உரக்கச் சொல்கிறார்.

"உங்கள் கருத்து பதிவு செய்யப்படுகிறது" என்கிறார் அதிகாரி. அடுத்த படம் வருகிறது.

அந்தம்மா மற்ற பெண்களைக் கூப்பிடுகிறார். ஓரத்தில் குவிந்து கிடக்கும் ஈர வலையை எல்லோருமாக இழுத்துவந்து விரிக்கிறார்கள். வலை காலடிக்கு வந்ததும், அதிகாரி இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, காலி இடத்தைப் பற்றித் தொடர்ந்து விளக்குகிறார்.