நூத்திட்டன்

போன கிழமை உப்புவெளி ஹொட்டேல் ஒன்றில், நீச்சல் தடாகத்தின் நீருக்கடி விளக்கை மாற்றப் போயிருந்தேன். குளோரின் வாசம் மூக்கில் ஏறியதும் செந்தில் அண்ணனின் நினைவு வந்துவிட்டது.

துறைமுகப் பக்கத்து ஹொட்டேலில் மின் பராமரிப்பு, அதுதான் என் முதல் வேலை. தகுதிகாண் காலத்தின் கடைசிக் கிழமை. தடாக விளக்கை வயரோடு மாற்றிக் காட்டினால் வேலை நிரந்தரம், பிழைவிட்டால் வீட்டுக்கு என்று மேற்பார்வையாளர் நசீர் நானா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் நடக்கும்.

தண்ணீருக்குள் இறங்கி விளக்கைக் கழற்ற, தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த செந்தில் அண்ணன். மின்சாரத்தை நிறுத்துவது என் பொறுப்பு. நான் எதையும் வரிசையாகச் செய்கிறவள்: ட்ரிப் சுவிட்ச், பூட்டு, மீட்டர். (தேத்தண்ணி ஊற்றவும் எனக்கொரு வரிசை உண்டு, அதைக் கேட்காதீர்கள்.) மீட்டர் பூச்சியம் காட்டியது. பம்ப் அறையிலிருந்து கத்தினேன்: “நூத்திட்டன்.”

விளக்கை அணைப்பதை எங்கள் வீட்டில் நூர்ப்பது என்போம்; நூத்திட்டன் என்றால் அணைத்துவிட்டேன். தண்ணீரில் நின்ற மனிதருக்கு அது “நூத்தியெட்டு” என்று கேட்டிருக்கிறது.

நான் வெளியே வந்தபோது அவர் கரையில் நின்றார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

“நூத்தியெட்டு வோல்ட்டை வச்சுக்கிட்டு இறங்கச் சொல்றியேம்மா.”

“இல்லை அண்ணன், நூத்துப்போட்டன்.”

“இப்ப நூத்தம்பதா?”

கரையில் நின்ற நசீர் நானா கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செந்தில் அண்ணன் சிரிக்கவில்லை.

“மொதல்ல நீ இறங்கு.”

சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சீருடையோடு இறங்கி, விளக்கில் கைவைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பின்னால் வந்தார். பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி, நாங்கள் கீழிருந்து குழாய்க்குள் தள்ள, நானா மேலே இழுத்தார். பொழுதுபட விளக்கு எரிந்தது.

“வேலை தெரிஞ்ச பிள்ளைதான். கதைக்கிறதுதான் ஆபத்து. இனி ஓஃப் எண்டு சொல்லுங்க தங்கச்சி” என்றார் நானா. ‘இனி’ என்ற சொல்லிலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது.

அன்றிலிருந்து வேலைத்தளத்தில் ஓஃப். பிறகு அது என்னோடு வீட்டுக்கும் வந்து, குசினி, அறை என்று குடியேறிவிட்டது. ஊர் திரும்பிய செந்தில் அண்ணனோ இரவில் “நூத்திட்டன்” என்று சொல்லி மனைவியைக் குழப்புகிறாராம். எங்கள் வீட்டில் இப்போது எல்லா விளக்கும் ஓஃப் ஆகிறது. ஒன்றும் நூர்வதில்லை.