செலியமேட்டு எரிமலை நிபுணர்

எங்கோ கடல் நடுவே ஒரு தீவு. அங்கே புகைந்துகொண்டிருக்கும் ஒரு மலையின் சரிவில் சென்சார்களைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். தரை அதிர்வதெல்லாம் நெளிநெளியான கோடுகளாக எங்கள் ஊர் செலியமேட்டில் என் லேப்டாப்புக்கு வந்துவிடும். இது காற்று, இது பாறை உருண்டது, இது அடியில் நெருப்புக்குழம்பு நகர்வது என்று ஒவ்வொன்றுக்கும் நான் பெயர் குறிக்க வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, மலை வெடிப்பதற்கு முன்பே அடிவாரத்து ஊர்களை எச்சரிக்கும்.

அம்மா இதைத் தெருவில் சுருக்கிச் சொல்லிவைத்திருந்தாள்: "எங்க பொண்ணு பூமி ஆடுறதுக்கு முன்னாடியே சொல்லிடும்." நான் மறுக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நிறுத்தி, "நம்ம ஊருக்கு ஒண்ணும் வராதில்லடி?" என்று கேட்டபோது, நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப்போலச் சற்று யோசித்துவிட்டு, "பயப்படாதீங்கக்கா" என்றேன். யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை.

ஒருநாள் காலை மேசை நடுங்கியது. டம்ளரில் காபி அலைந்தது, அடுக்களையில் பாத்திரங்கள் கிலுகிலுத்தன. நாள் முழுக்க அதிர்வுகளுக்குப் பெயர் வைப்பவளுக்கு இதற்கு மட்டும் பெயர் தோன்றவில்லை. "ஐயோ, ஓடுங்க!" என்று அலறிக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தேன். நிபுணரே ஓடினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? தெருவே வெளியே வந்துவிட்டது.

"கையில இன்னாடி அது?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

பார்த்தேன். லேப்டாப் சார்ஜர். லேப்டாப்கூட இல்லை.

அப்போதுதான் தெருமுனையில் ரோலர் தெரிந்தது. புது ரோட்டுக்கு மண்ணை அழுத்திக்கொண்டு, அதிர்ந்து அதிர்ந்து வந்தது. கூட்டத்தைக் கண்டு டிரைவர் வண்டியை நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு எரிமலன்னு நெனச்சிடுச்சிப்பா" என்றார் யாரோ.

பாவம், டிரைவர் சிரிக்கவில்லை. "வைபரேஷன் போட்டா வூடு ஆடத்தான்க்கா செய்யும். நீங்க உள்ள போங்க" என்றார்.

உள்ளே போவதற்குள் அம்மா தலையில் துண்டோடு குளியலறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "பெத்தவள உள்ள உட்டுட்டு வயரப் புடுங்கினு ஓடினியாடி?" மதியம் முகத்தைத் திருப்பிக்கொண்டே சோறு போட்டாள். குழம்பு மட்டும் குறைவில்லாமல் ஊற்றினாள்.

சாப்பிட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தபோது கோடுகள் வேறு மாதிரி தெரிந்தன. அந்த மலையடிவாரத்திலும் யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள். அன்று குறித்தவற்றை ஆரம்பத்திலிருந்து மறுபடி சரிபார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து அந்த மலை சாம்பலைக் கக்கியது. கம்ப்யூட்டர் முன்கூட்டியே எச்சரித்ததால் ஜனங்களை லாரிகளில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். பெருமை தாங்காமல் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆடு மாடெல்லாம்?" என்று கேட்டாள்.

என் கோடுகளில் அதெல்லாம் தெரியாது. மறுநாள் ஆன்லைன் மீட்டிங்கில் கேட்டேன். முக்கால்வாசியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். முக்கால்வாசி என்பதை விட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நீ பாக்குறது நல்ல வேலதான்" என்றாள்.