மாற்றி வைத்த ஸ்பீக்கர்

முதல் பாட்டு பாதியில் இருக்கும்போதே என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்கு. இதுக்கா பள்ளுருத்தியில இருந்து ஆட்டோ பிடிச்சீங்க?” என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஒரு ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயர மரப்பெட்டிகளாக இரண்டு ஸ்பீக்கர்கள். பழைய பாட்டு செட்டுகள் விற்கும் ஒரு இக்காவிடம் வாங்கியவை; இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னபோது, அவரைச் சிரமப்படுத்தக் கூச்சப்பட்டு, வேண்டாம் என்றுவிட்டேன். ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கு நாலு வயர் மாட்டத் தெரியாதா என்ற எண்ணமும் இருந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றில் சாக்குத் தைப்பவன் நான். என் மனைவிக்குப் பாட்டு என்றால் உயிர். பாத்திரம் கழுவும்போது ஜன்னல் கம்பியில் போனைச் செருகி வைத்துக் கேட்பாள். ஒரு நாளாவது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டு கேட்க வேண்டும். அதற்காகத்தான் வாங்கினேன். அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக இக்கா சொல்லியிருந்தார்.

கிழிந்த சாக்குகளைக் கொண்டுவந்து டைல்ஸ் தரையில் விரித்தேன். கூர்மை கொஞ்சம் மழுங்கியது. ஆனால் தபலாவின் அடிச்சத்தம் எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது.

“வீடா, குடோனா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து மனமிரங்கி, இக்காவுக்கு அவளே போன் போட்டாள். எனக்குப் போனில் பேச வராது என்பது அவளுக்குத் தெரியும்.

“சவுண்டில் ஒரு சூடு இல்ல, அல்லே மோளே?” என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

“சூடா? ஆம்ப்ளிஃபயர் மேல தோசையே ஊத்தலாம், இக்கா!”

“எடீ, பெட்டிக்கல்ல, பாட்டினு!” என்று, பாட்டுக்குத்தான் சூடு வேண்டுமென்று சிரித்தவர், மேலும் ஏதோ சொன்னார். அவள் போனை வைத்துவிட்டு, “ரெண்டையும் மாத்தி வைக்கணுமாம்” என்றாள்.

மாற்றி வைத்தேன். அலமாரிக்குப் பின்னால் இருட்டு மூலையில் கிடந்த இடது பெட்டியைக் கட்டிப்பிடித்து வலது பக்கம் தூக்கிவந்தேன், வலதை இடதுக்கு. வயரையெல்லாம் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து மறுபடி மாட்டினேன். பாட்டைப் போட்டேன்.

தபலா வந்துவிட்டது!

எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. சாக்கில் விழுந்த அடி என் உள்ளங்காலில் ஏறியது. பாடுகிறவருக்கு நெஞ்சு முளைத்துவிட்டது போல இருந்தது. இதுவரை தொண்டையால் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தார். நான் தனியாக நின்று கைதட்டினேன். நாற்பது வயதைத் தாண்டியவன் செய்கிற காரியமா அது! அவள் எட்டிப் பார்த்தாள். “ம்,” என்றாள். அடுப்பில் மீன் இருந்தது. போய்விட்டாள். எனக்கு அந்த “ம்” போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இக்கா வந்தார். ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் நான் பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நான் மாற்றி வைத்த கதையைக் கேட்டு அவர் தலையில் கை வைத்தார்.

“எண்டே பொன்னு சகோதரா, மாற்றி வைக்கான் பறஞ்ஞது சொவரில் நின்னு கொறச்சு நீக்கி வைக்கானா!”

சுவரை விட்டு நகர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்; மலையாளத்தில் ‘மாற்றி’ அதுதான். நான் இத்தனை வருடம் கொச்சியில் இருந்தும், அவள் வாயால் கேட்டதும் தமிழாகவே எடுத்துக்கொண்டு இடத்தையும் வலத்தையும் மாற்றியிருக்கிறேன். அப்படியானால் தபலா எப்படி வந்தது? அவர் பின்னால் குனிந்து வயர்களைப் பார்த்தார்.

“இப்போ செவப்பில் செவப்பு, கறுப்பில் கறுப்பு. முன்னே இருட்டில் ஒண்ணு தலைகீழா கொடுத்திருக்கும். ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போ மற்றது வலிக்கும். பின்னே தபலா எவிடெ கேட்கும்?”

மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்:

“வலிச்சது எனக்குத்தான், இக்கா. காது!”

சாயாவோடு வந்தாள். நான் பாட்டைப் போட்டேன். ஒரு பழைய தாலாட்டு. மூன்று பேருக்கு இரண்டு நாற்காலிதான். அவள் என் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். புல்லாங்குழல் வந்தபோது அவள் கால் விரல் அசைந்தது. நான் பெட்டியைப் பார்க்கவே இல்லை; அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இக்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். சுவரை விட்டு நகர்த்துவதற்காக ஸ்பீக்கரில் கை வைத்தார்.

“இக்கா, தொடாதீங்க!” என்றாள் அவள். “பாட்டு முடியட்டும்.”