மேல்மாடி மேசை

எங்கள் அலுவலகத்து மாடிப்படிச் சுவரில், இடுப்பளவு உயரத்தில் ஒரு கீறல் இருக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் மறையவில்லை. அது மச்சானுடைய சக்கர நாற்காலி உரசிய கீறல்.

மச்சான் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். கல்முனைப் பக்கத்தில் நாடகம் பார்த்தவர்களுக்கு அவரை ராஜாவாகத்தான் தெரியும். ஒலிவாங்கி கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். ஒரு நாள் ஒத்திகையில், உட்காரும் வாங்குகளை அடுக்கிக் கட்டிய சிம்மாசனம் சரிந்து மல்லாக்க விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. இரண்டு வருடம் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஆட்டோவில் ஏறி, நற்பிட்டிமுனையிலிருந்து வரிப்பத்தான்சேனைவரை, தன்னைப்போலப் பின்னறைகளில் கிடந்தவர்களைத் தேடிப்போனார். அவர்களுக்காக அவர் கேட்டது ஒன்றுதான்: மாற்றுத்திறனாளிகளின் விண்ணப்பங்களை வாங்கும் மேசையை மேல்மாடியிலிருந்து கீழே இறக்க வேண்டும். அந்த மேசையில் இருந்தவன் நான்.

அதைப் பற்றிப் பேச மேலதிகாரி ஒரு கூட்டம் வைத்தார். அதற்கும் மேல்மாடிதான் கிடைத்தது. மச்சான் படியடியில் நாற்காலியை நிறுத்திவிட்டார்.

"என்னத் தூக்க வேணாம். உசிரு போய் மவுத்தானாத் தூக்குங்க. இப்ப அவர இறங்கி வரச் சொல்லுங்க."

கட்டடம் முழுக்கக் கேட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எல்லாரும் பாத்துட்டு நிக்காங்க மச்சான், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லி, மூன்று பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கினேன். வளைவில் சுவர் உரசியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். "பாத்தீங்களா, வந்திட்டீங்கதானே! நாலு பேர் இருந்தாச் சரி, மேசைய ஏன் அசைக்கணும்?" என்றார். கூட்டம் அதோடு முடிந்தது. உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருந்த நான்தான் அவரைத் தோற்கடித்திருந்தேன். கீழே இறக்கியபின் மச்சான் ஏசவில்லை. "நான் சொன்னது ஒனக்குக் கேக்கல்லயா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அடுத்த மழைக்காலத்தில் படுக்கைப்புண் முற்றி மவுத்தானார். ஜனாஸாவைத் தூக்க ஊரே வந்தது. தோள் மாற்றி மாற்றி மையவாடிவரை கொண்டுபோனோம். நான் அழுதுகொண்டே நடந்தேன். அந்த மேசையை இறக்கிவிடுவேன் என்று மனதுக்குள் அல்லாஹ்விடம் சொன்னேன்.

போன வாரம் ஒரு தாய், நடக்க முடியாத மகளைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார். கீழேயிருந்து காவலாளி, "நாலு பேர் வாங்க!" என்று சத்தம் போட்டார். நான் அதே மேசையிலிருந்து, அதே மேல்மாடியிலிருந்து எழுந்துபோய்த் தூக்கினேன். வளைவில் நாற்காலி அந்தக் கீறலிலேயே உரசியது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள்.